ஆளுயர மெழுகுதிரி

சேசு மரி சூசை துணை

ரயில்வே குவார்ட்டர்ஸ், சூரமங்கலம்
12-5-1957

அன்புள்ள தம்பி தோமினிக்குக்கு அக்கா ஆரோக்கியம் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் சுகம். மாமாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. ஜங்ஷனில் பாயிண்ட் மாற்றுகிற வேலையில் இருந்துகொண்டு என்ஜின் புகை நெஞ்சில் ஏறாமல் இருக்குமா? உன் சுகத்துக்கு எழுது. எழுதமாட்டாய், எனக்குத் தெரியும். ஸ்டியரிங் பிடிக்கிற கைக்குப் பேனா பாரமாக இருக்கும்.

உன் முதலாளி பச்சமுத்து போன வாரம் சரக்கு இறக்க வந்தவர், நம் வாசலில் நின்று ஒரு சேதி சொன்னார். "ஏனுங்கம்மா, உங்க தம்பி சாராயத்தத் தொட்டே மாசமாச்சுங்க. எனக்கே நம்ப முடியலீங்க. ஆளு மாறி வந்துட்டானாங்கறா எங்க ஊட்டுக்காரி" என்றார். நான் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். அந்த மனிதர் பயந்துபோய் லாரியில் ஏறிவிட்டார்.

தம்பி, அம்மா கண்மூடும்போது உன்னை என் இடுப்பில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கென்று பிள்ளை பிறக்காததும் நல்லதுதான் என்று நினைக்கிறபடி என்னைப் படுத்தி வைத்தாய். நாடெல்லாம் மதுவிலக்கு என்கிறார்கள், உனக்கு மட்டும் எங்கிருந்தோ சாராயம் ஊறிக்கொண்டே இருந்தது. போலீஸ் லாக்கப்புக்குச் சோறு தூக்கிப் போனவள் நான். அந்தச் சமயத்தில்தான் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். நீ குடியை விட்டால் ஆளுயர மெழுகுதிரி ஏற்றுவதாக.

ஆளுயரம் என்றால் உன் உயரம். நீ நேராக நிற்கவேண்டும், உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் நூல் பிடிக்கவேண்டும், அந்த நூலைத் திரியாகப் போட்டு மெழுகு வார்க்கவேண்டும். "கண்ணளவில் ரெண்டு விரல் கூட்டிப் போட்டால் தீர்ந்தது" என்கிறார் உன் மாமா. அவருக்கு என்ன தெரியும்? உடம்பில் அளந்த நூல்தான் செல்லும். கண்ணளவு என்பது மாதாவிடமே ஏமாற்று வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. பூசை பார்த்துவிட்டு, சோறு தின்றுவிட்டு, ஒரு நிமிஷம் சுவரோரம் நின்றுவிட்டுப் போ. உன்னிடம் நான் கேட்கிறது அவ்வளவுதான்.

இன்னொன்று. நீ நம் திருச்சபையை விட்டுப் பிரிந்துபோன பதிதர்களின் ஜெபவீட்டுக்குப் போகிறாயாம். அதையும் பச்சமுத்துதான் சொன்னார். நான் நம்பவில்லை.

உன் நலமே வேண்டும் அக்கா,
ஆரோக்கியம்

*

சங்ககிரி
2-6-1957

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு, தோமினிக். தேவ கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருவர் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறேன். மாமாவை ராத்திரி வெந்நீர் குடிக்கச் சொல்.

நம்பவில்லை என்று எழுதியிருந்தாய். நம்பு. போகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் லாரி ஸ்டாண்டில் கோடைமழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல் பக்கத்துக் கீற்றுக் கொட்டகைக்குள் போனேன். அதுதான் நீ சொல்கிற ஜெபவீடு. இடுப்பில் பாட்டில் இருந்தது. உள்ளே ஊழியர் ஞானதாஸ் பேசிக்கொண்டிருந்தார். மீட்பு என்பது சம்பாதிக்கிற பொருளில்லை, கொடுக்கப்படுகிற பொருள் என்றார். தகுதியில்லாதவனுக்கே அது முதலில் போய்ச் சேரும் என்றார். அக்கா, நான் ஒன்றுமே செய்யவில்லை. முழங்கால் போடவில்லை, அழவில்லை, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்யவில்லை. நனைந்த சட்டையோடு தூணில் சாய்ந்து நின்றேன். மழை விட்டு வெளியே வந்தபோது அந்தப் பாட்டில் எனக்கு அருவருப்பாக இருந்தது. எறிந்துவிட்டேன். இன்றுவரை கை நீளவில்லை.

இதில் உன் மெழுகுதிரிக்கு என்ன பங்கு? ஒன்றுமில்லை. நூலுக்கு நான் நிற்கமாட்டேன். சிலுவையில் எல்லாம் செலுத்தித் தீர்ந்த பிறகு நான் போய்ச் சுவரோரம் நின்றால், அது போதவில்லை என்று சொன்னதாக ஆகும்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மாமாவின் ரயில்வே பாஸில் நீ ஊர் ஊராகக் கோயிலுக்குப் போகிறாயே, அதற்கு நீ என்ன வேலை செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை. மாமாவின் பெண்சாதி என்பதால் கிடைத்தது. கிருபையும் அப்படித்தான். பாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் தண்டவாளத்தில் நடக்கிறாய்?

அன்பு மாறாத தம்பி,
தோமினிக்

*

சேசு மரி சூசை துணை

சூரமங்கலம்
9-6-1957

தம்பி தோமினிக்குக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கொழுப்பிலேயே தெரிகிறது.

பாஸ் என்று எழுதினாயே, அந்தப் பாஸ் சும்மா வந்ததா? உன் மாமா வெயிலிலும் பனியிலும் தண்டவாளத்தில் நின்று, நெஞ்சைப் புகைக்குக் கொடுத்து வாங்கினது. எனக்கு இலவசம் என்றால் அவருக்கு இலவசமில்லை. அதே மாதிரிதான் உன் கதையும். உனக்கு இலவசம். யார் கொடுத்து உனக்கு இலவசம்?

நான் கேட்கிறேன், பதில் சொல். உனக்காகக் காபியை விட்டது யார்? முதல் வெள்ளி தவறாமல் வெறும் வயிற்றோடு பூசைக்குப் போய் மயங்கி விழுந்தது யார்? தேர் சுற்றுகிற வீதியில் மண்டியிட்டு நகர்ந்து, முழங்கால் புண் ஆறாமல் தையல் மெஷின் மிதிக்க முடியாமல் கிடந்தது யார்? உன் ஞானதாஸா? நீ நனைந்துகொண்டு போய் ஒதுங்கினாயே, அந்த மழையைக் கேட்டு வாங்கியது யார் என்று நினைக்கிறாய்?

நான் விதைத்து, நான் தண்ணீர் கட்டி, நான் காவல் இருந்தேன். அறுப்புக்கு வந்தவன் கொட்டகைக்காரன். நீயும் அவன் களத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, இது தானாக விளைந்தது என்று எனக்கே எழுதுகிறாய். வயிறு எரிகிறது எனக்கு. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, எரியத்தான் செய்கிறது.

எரிச்சல் ஒருபக்கம் கிடக்கட்டும். எனக்குப் பயமாயிருக்கிறது. நேர்ந்துகொண்டதைச் செலுத்தாமல் விட்டால் சும்மா போகாது. நீயோ ராப்பகலாக ரோட்டில் கிடக்கிறவன். செப்டம்பர் திருவிழாவுக்குள் வந்து நின்று அளவு கொடு. உன் விசுவாசத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வா, போகும்போது மறுபடி போட்டுக்கொள்.

ஆரோக்கியம்

*

சங்ககிரி
30-7-1957

அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இதைவிட மோசமாக எழுதியிருப்பேன்.

நீ எனக்காகச் செய்ததையெல்லாம் எழுதியிருந்தாய். புதிதாக ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து சோற்றோடு சேர்த்துப் பிசைந்து எனக்கு ஊட்டியதுதான். நான் ஏன் குடித்தேன் என்று ஒருநாளாவது கேட்டாயா? உன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலும் அதற்கு நீ என்ன பாடுபட்டாய் என்று தெரிந்துகொண்டுதான் குடிக்கவேண்டும். சாராயக்காரன் மட்டும்தான் என்னிடம் எதையும் சொல்லிக்காட்டவில்லை.

தினமும் ஜெபமாலையில் பிரியதத்த மந்திரம் சொல்கிறாயே, பிரியதத்தம் என்றால் என்ன என்று உபதேசியாரைக் கேட்டுப் பார். பிரியமாய்ச் சும்மா கொடுத்தது என்பார். மாதாவுக்கே சும்மா கிடைத்ததுதான். அவளிடம் போய் நீ மெழுகைக் கொடுத்துத் தம்பியை வாங்கப் பார்க்கிறாய்.

கடைசியாகச் சொல்கிறேன். என் பெயரில் மெழுகுதிரி ஏற்றாதே. ஏற்றினால் எனக்கு அக்கா இல்லை, உனக்குத் தம்பி இல்லை.

தோமினிக்

*

(கார்டு)

வேளாங்கண்ணி
9-9-1957

சேசு மரி சூசை. தம்பிக்கு, நானும் மாமாவும் சுகமாக வந்து சேர்ந்தோம். நேற்றுத் திருவிழாவில் உன் மெழுகுதிரியை ஏற்றிவிட்டேன். கூட்டத்தில் நான்கு பேர் தாங்கிப் பிடித்தார்கள். அடிவரைக்கும் நின்று எரிந்தது. அளவு எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே. உடம்பில் பிடித்த நூல்தான். இனி நீ எந்தக் கொட்டகையில் வேண்டுமானாலும் போய் நில், உன்னை யாரும் தொடமுடியாது. உனக்கு அக்கா இருக்கிறாளோ இல்லையோ, எனக்குத் தம்பி இருக்கிறான். ஆரோக்கியம்.

*

சங்ககிரி
21-9-1957

உபகாரசாமி அவர்களின் மனைவி ஆரோக்கியம் அம்மாளுக்கு,

சுகம் விசாரிக்கவில்லை.

அளவு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. பச்சமுத்து தானாகச் சொன்னார். "உங்க மாமன் வந்தாருடா. நீ லாரிக்கு அடியில படுத்துத் தூங்கறே, அவரு நூலப் புடிச்சுட்டுக் குனிஞ்சு நிக்கறாரு. ஏனுங்க, சட்டை தெக்கறதுக்கானு கேட்டன். ஆமாங்கனு சொல்லிப்போட்டு வெரசலா நடையக் கட்டிட்டாரு." ஸ்டாண்டு பூராவும் சிரிக்கிறார்கள். சவப்பெட்டி செய்கிறவன்தான் படுத்துக்கிடக்கிறவனை அளப்பான்.

வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதிச் சொன்னேன். என் வாயை நம்பாமல் என் தூக்கத்தில் திருடியிருக்கிறாய். உன் மாதாவுக்கு இந்தத் திருட்டு நூலில் வார்த்த மெழுகு இனித்ததா?

இனி கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். மாமா சங்ககிரிப் பக்கம் வரவேண்டாம்.

தோமினிக்

*

சூரமங்கலம்
3-2-1958

அன்புள்ள மாப்பிள்ளை தோமினிக்குக்கு உபகாரசாமி எழுதுவது. உடம்பு தேவலையா? புண் ஆறிவருகிறதா? கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சாப்பாடு எப்படி என்று தெரியவில்லை.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பொங்கல் முடிந்து பச்சமுத்து வந்து, பாலக்காட்டு ரோட்டில் டயர் மாற்றும்போது ஜாக்கி சறுக்கி உன் இடதுகால் மேல் லாரி இறங்கிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று சொன்ன மறுநாளே நான் வந்தேன். நீ மயக்க மருந்தில் இருந்தாய். போர்வை ஒருபக்கம் தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகவில்லை. உன்னை எழுப்பாமல் திரும்பிவிட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

அன்று நூல் பிடிக்க வந்தேனே, நீ படுத்திருந்த இடத்தில் உன் முழங்காலுக்குக் கீழே சக்கரம் மறைத்திருந்தது. கையை விட்டால் நீ விழித்துக்கொள்வாய். பச்சமுத்து வேறு வந்து நின்றுவிட்டார். முழங்கால் வரைக்கும் அளந்தேன். அதற்குக் கீழே கண்ணளவில் கூட்டி முடிச்சுப் போட்டு உன் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். சொல்லவில்லை. சொன்னால் மறுபடி அனுப்புவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று அவள் கேட்டாள். முழங்காலுக்குக் கீழே என்றேன். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை, நூல் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டுவாள், தட்டை விட்டெறிவாள் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் பேச்சே கிடையாது. விடிந்தால் கோயில் வாசல் மணலில் மண்டி போடுகிறாள், கோயில் சாத்தும்போதுதான் எழுந்திருக்கிறாள். கஞ்சித் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. சாமியார் சொல்லியும் கேட்கவில்லை.

அளக்காமல் விட்ட இடத்தை மேலேயிருந்து சரியாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறாள். எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோன்றுகிறது. தப்பு என்னுடையது. அவளுக்கு ஒரு வரி எழுது மாப்பிள்ளை. மன்னித்தேன் என்று எழுதினால் போதும். சாப்பிடுவாள்.

இப்படிக்கு,
உபகாரசாமி

*

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி
12-2-1958

மாமாவுக்கு,

புண் ஆறுகிறது. இல்லாத விரல் அரிக்கிறது, அது ஒன்றுதான் தொந்தரவு. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

கால் போனதற்குக் காரணம் ஜாக்கிக்கு அடியில் பலகை வைக்காமல் மண்ணில் நிறுத்தினது. வைக்காதவன் நான். இதில் நூல் எங்கே வந்தது? கண்ணளவில் ஒரு சாண் தவறினால் ஒரு காலை வெட்டி எடுக்கிற சாமி என்றால், அதைச் சாமி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போன வாரம் ஊழியர் ஞானதாஸ் வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டு, "பிரதர், உங்கள் விசுவாசத்தில் எங்கோ குறை இருந்திருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்" என்றார். பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அக்காவுக்கு எழுதச் சொல்கிறீர்கள். எழுதமாட்டேன். தூங்குகிறவனை அளந்ததற்கு அவள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணலில் மண்டி போடுகிறவளுக்கு என்னிடம் ஒரு வரி எழுதக் கை வராதா? முதலில் அவள் செய்தது தப்பு என்று அவள் கையால் எழுதட்டும். அப்புறம் மன்னிக்கிறதைப் பற்றி யோசிக்கிறேன்.

தோமினிக்

*

சூரமங்கலம்
2-3-1958

அன்புள்ள தம்பிக்கு ஆரோக்கியம் எழுதுவது.

உன் உடம்பு தேறிவர வேண்டுகிறேன். நான் சுகம். நீ மாமாவுக்கு எழுதியதைப் படித்தேன். நான் செய்தது தப்பு. நீ கேட்டபடி என் கையால் எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நேர்த்திக்கடன் குறையோடு உன் பக்கத்தில் வந்து நிற்க எனக்குப் பயம். நான் தொட்டால் இன்னும் ஏதாவது ஆகிவிடுமோ என்று இருக்கிறது.

சூசையப்பர் திருநாளன்று விடியற்காலையில் இங்கிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்படுகிறேன். பாஸ் வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். செருப்பில்லாமல் நடந்தே போகிறேன். ஒரு வேளை மட்டும் கஞ்சி. முழங்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, நடக்க நடக்கச் சரியாகிவிடும். போய்ச் சேர்ந்து முழு அளவில் இன்னொரு மெழுகுதிரி ஏற்றுகிறேன். குறைந்ததை நான் கட்டிவிட்டால் உன் மற்றக் காலை விட்டுவிடுவார்கள்.

போகிற வழியில் எனக்கு ஏதாவது ஆனால் மாமாவைப் பார்த்துக்கொள். அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது.

ஆரோக்கியம்

*

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி
6-3-1958

என் அக்காவுக்கு,

நீ திட்டாமல் எழுதிய கடிதத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். படித்துவிட்டுப் பயந்துபோனேன். கால் போனபோதுகூட இப்படிப் பயப்படவில்லை.

நடக்காதே. சொல்கிறேன், கேள். நடக்காதே. அந்த முழங்காலோடு நீ நாமக்கல் தாண்டமாட்டாய். என் மற்றக் காலை யாரும் கேட்கவில்லை. அது கட்டிலில் நன்றாக இருக்கிறது, நேற்று எறும்பு கடித்தது.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இருக்கிறது. உன் கோயிலில் மெழுகு குறைவு என்கிறார்கள், என் ஜெபவீட்டில் விசுவாசம் குறைவு என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நூலைப் பிடித்துக்கொண்டு என்னை அளக்கிறார்கள். மூன்றாவதாக நானும் ஒரு நூலை எடுத்து உன்னை அளந்தேன். தப்பு என்று எழுதிக்கொடு, அப்புறம் மன்னிக்கிறேன் என்றேன். கிருபை கிருபை என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினவன், உன்னிடம் விலை கேட்டேன். நீ உடனே கட்டிவிட்டாய். அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இங்கே அடுத்த கட்டிலில் சென்றாயன் என்று ஒருவன், கிணறு வெட்டும்போது பாறை விழுந்து இடுப்பு ஒடிந்தவன். அவன் அம்மா பொன்னாயி மேச்சேரிப் பக்கம் ஆடு மேய்க்கிறவள். மகனுக்குக் கஞ்சி ஊற்றும்போதெல்லாம் எனக்கும் ஒரு குவளை ஊற்றுகிறாள். நான் அந்த அம்மாளிடம் முகம் கொடுத்துப் பேசினதுகூட இல்லை. காலைப் பார்த்துவிட்டு யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்த நாட்கள் அவை. ஒருநாள் கேட்டேவிட்டேன், உனக்கு நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஊற்றுகிறாய் என்று. "அட ஏஞ் சாமி, பசிச்சவன் குடிக்கறதுக்கு என்னத்தச் செஞ்சிருக்கோணும்? ஆறிப்போவுது, குடி" என்றாள். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

கொட்டகையில் கேட்டபோது எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன். உன்னோடு சண்டை போட மட்டும்தான் விளங்கியிருக்கிறது. படுத்த படுக்கையில் ஜெபமும் வரவில்லை, விசுவாசமும் வரவில்லை. ஒன்றும் இல்லாமல்தான் கிடந்தேன். அப்படியும் என்னை யாரோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். இதை வைத்து வாதாட எனக்குத் தெரியவில்லை.

அக்கா, நீ எனக்காகக் கடைசியாக ஒன்று செய்யவேண்டும். ஒன்றும் செய்யாமல் வா. மெழுகுதிரி வேண்டாம், மந்திரித்த எண்ணெய் வேண்டாம், வேளாங்கண்ணித் தீர்த்தம் வேண்டாம், ஒருபொழுது வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ரயிலில் ஏறி, வெறுங்கையோடு வந்து என் கட்டிலில் உட்கார். என்னிடம் மன்னிப்பும் கேட்காதே. கேட்க ஒன்றுமில்லை.

தம்பி,
தோமினிக்

*

சேசு மரி சூசை துணை

சூரமங்கலம்
15-3-1958

அடே தோமினிக்,

நாங்கள் சுகம். மாமாவின் இருமல் அப்படியே இருக்கிறது. உன் கடிதத்தை அவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். நான் படித்தால் பாதியில் கிழித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். கஞ்சி விஷயம் வந்ததும் அவர் நிறுத்திவிட்டு, கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார். மிச்சத்தை நான்தான் படித்தேன்.

நன்றாக எழுதியிருக்கிறாய். கால் போனாலும் திமிர் போகவில்லை. ஒன்றும் செய்யாமல் வா என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! வேளாங்கண்ணிக்கு நடந்து போ என்றால் நடந்துவிடுவேன். மண்டி போட்டு நகரச் சொன்னால் நகர்ந்துவிடுவேன். இது முடியுமா எனக்கு? ஒரு வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சண்டாளா, இருக்கிறதிலேயே கஷ்டமானதைப் பார்த்து என்னிடம் கேட்டிருக்கிறாய்.

சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏசுவார் என்று இருந்தேன். "போங்கள், அதுதான் உங்களுக்கு இந்தத் தவக்காலத்து ஒறுத்தல்" என்றார். இது ஒறுத்தல் கணக்கில் சேருமா சாமி என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நேற்று வெள்ளிக்கிழமை. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் வயிறு நிறையச் சோறு தின்றேன். கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, மாமாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு தின்றேன். மூன்றாம் தரம் சோறு போட்டுக்கொண்டதும் அவர் எழுந்து போய் வாசலில் நின்று அழுதார். எனக்கு ஒவ்வொரு கவளமும் பயமாக இருந்தது. தின்று முடித்துவிட்டு, தண்டனை வரும் என்று விளக்கு வைக்கிற வரைக்கும் காத்துக்கொண்டிருந்தேன். மாமா வேலைக்குப் போய் உயிரோடு திரும்பி வந்தார். கூரை இருந்த இடத்தில் இருந்தது. உன் முதலாளி வழியாக உன்னைப் பற்றிக் கெட்ட சேதி ஏதும் வரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை, தம்பி. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்புறம் படுத்துத் தூங்கினேன். இந்த ஒன்றரை மாதத்தில் நேற்றுத்தான் தூங்கினேன்.

இவ்வளவு எழுதியதால் உன் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று கொட்டகையில் போய்ச் சொல்லாதே. நான் பிறந்த கோயிலில்தான் சாவேன். நீயும் என்றைக்காவது திரும்பி வருவாய், அதற்கு நான் வேண்டிக்கொண்டுதான் இருப்பேன், நீ தடுக்க முடியாது. ஜெபமாலை கழுத்தில் இருக்கும். அதைக் கழற்றமாட்டேன், அதைச் சுமை என்று சொல்லாதே. அந்தப் பொன்னாயி அம்மாளை நான் பார்க்கவேண்டும். அவளுக்கு ஒரு சேலையாவது எடுத்துக்கொண்டு வரலாம் என்று கடை வாசல் வரைக்கும் போனேன். உன் கடிதம் ஞாபகம் வந்து திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலைப் பாசஞ்சரில் வருகிறேன். மாமா பாஸ் எழுதி வாங்கிவிட்டார். பை இல்லை, தூக்குவாளி இல்லை, எண்ணெய்ப் பாட்டில் இல்லை. ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லை. பிறந்த நாளிலிருந்து நான் இப்படி ஒரு இடத்துக்கும் போனதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. உன் எதிரில் வந்து நின்றால் என்னைப் பார்த்து நீ என்ன நினைப்பாயோ என்று பயமாக இருக்கிறது.

நான் உள்ளே வரும்போது பேசாமல் படுத்திரு. வெறுங்கையோடு வந்துவிட்டேனே என்று பார்த்துச் சிரித்தாயோ, ஆஸ்பத்திரி என்று பார்க்கமாட்டேன், அந்த வெறுங்கையாலேயே ஓர் அறை விடுவேன்.

உன் அக்கா,
ஆரோக்கியம்